கரி எடுத்த ஊர்கள் எதை வைத்துப் பிழைத்தன? நெய்வேலி வட்டாரம் பற்றி ஒரு விரிவான பதில்

தம்பி, புதுச்சேரியில் பொருளாதாரம் படிப்பதாகச் சொல்லி நீங்கள் கேட்டது இது: நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் வருவதற்கு முன் அங்கே இருந்த கிராமங்கள் எதை வைத்துப் பிழைத்தன, கரி எடுத்து முடித்த இடத்தில் ஊர் மறுபடி முளைக்குமா, அந்தக் குடும்பங்களின் வரும்படி இப்போது எதில் நிற்கிறது. மூன்றுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஒன்றை விட்டு இன்னொன்றைச் சொன்னால் விளங்காது.

நேர் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கரி எடுத்த குழியை மூடிய இடத்தில் பழைய ஊர் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. மண் திரும்புகிறது, மரம் வைக்கிறார்கள், சோலார் தகடு வைக்கிறார்கள். குடும்பங்கள் திரும்புவதில்லை. அந்தக் குடும்பங்களில் எது நிமிர்ந்தது, எது சரிந்தது என்று பார்த்தால், இழப்பீடு எவ்வளவு வந்தது என்பதைவிட வீட்டில் ஒருவருக்காவது சுரங்க நிறுவனத்தில் பர்மனென்ட் வேலை கிடைத்ததா என்பதே பெரிய வித்தியாசத்தைச் செய்திருக்கிறது. நிலமே இல்லாமல், அடுத்தவர் நிலத்தில் கூலி செய்து பிழைத்தவர்கள் இந்தக் கணக்கிலேயே வரவில்லை. நான் சொல்ல நினைப்பதில் முக்கியமானது இதுதான்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் வடலூர்ப் பக்கத்துக்காரன். 1983 முதல் முப்பது வருஷம் விதையும் உரமும் விற்கும் கடை வைத்திருந்தேன். ஊர் வாரியாகக் கடன் நோட்டு போடுவது எங்கள் வழக்கம். ஒரு பக்கத்தின் தலையில் ஊர்ப் பெயர், கீழே ஆள் பெயரும் பாக்கியும். சித்திரையில் மல்லாட்டை (நிலக்கடலை) விதைக்கு இத்தனை மூட்டை, ஆடியில் உரத்துக்கு இவ்வளவு என்று எழுதிக்கொண்டே போவோம். சில வருஷங்களில் ஒரு ஊரின் பக்கத்தில் ஒன்றிரண்டு பெயர்தான் மிஞ்சும். அடுத்த வருஷம் அந்தப் பக்கமே தேவைப்படாது. கடையில் உட்கார்ந்தபடியே ஒரு விவசாய ஊர் எப்படி முடிகிறது என்று பார்த்தேன்.

சுரங்கத்துக்கு முன்பிருந்து தொடங்குகிறேன். கடலூரிலிருந்து விருத்தாசலம் போகிற ரயில் பாதையில் குறிஞ்சிப்பாடி தாண்டியதும் நிலம் மேடாகும், மண் சிவக்கும். கிழக்கே கடல் பக்கம் வயல், தெற்கே சேத்தியாத்தோப்புப் பக்கம் வீராணத்துப் பாசனம். நடுவில் இருக்கிற இந்தச் செம்மண் மேடு மானாவாரி. இங்கே புன்செய் நிலத்தைக் கொல்லை என்போம், அளவை ஏக்கரில் சொல்லாமல் காணியில் சொல்வோம். ஒரு காணி என்பது 1.32 ஏக்கர். 1867இல் வள்ளலார் வடலூரில் தருமச்சாலை தொடங்கினாரே, அதற்குப் பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலமும் 80 காணி என்றுதான் இன்றும் சொல்கிறார்கள்.

இந்தக் கொல்லைகளில் மல்லாட்டை, கம்பு, வரகு, எள், அப்புறம் முந்திரி, பலா, சவுக்கு. ஏழை மண் என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் நினைப்பார்கள். ஆனால் மல்லாட்டைக்கும் முந்திரிக்கும் இதைவிட நல்ல மண் கிடைப்பது கஷ்டம். நீங்கள் புதுச்சேரிக்காரர் என்பதால் ஒன்று சொல்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டு மல்லாட்டை உங்கள் துறைமுகம் வழியாகத்தான் பிரான்சுக்குக் கப்பலேறியது. மார்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் அது போனது. மேட்டுக் கொல்லை என்று ஒதுக்கிப் பேசப்பட்ட நிலம், நெய்வேலி என்ற பெயரை உலகம் கேட்பதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே உலகச் சந்தையோடு தொடர்பு வைத்திருந்தது.

ஒரு ஊரின் வருமானத்தை நிலத்தின் விலையை வைத்து மட்டும் மதிப்பிட முடியாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு முந்திரித் தோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மாசியிலிருந்து சித்திரை வரை கொட்டை பொறுக்குவதில் பத்துப் பெண்களுக்கு வேலை. பழத்தைத் தின்ன ஆடு மாடு வரும். சருகு அடுப்புக்குப் போகும். காய்ந்த கிளை விறகுக்கு. கொட்டை பண்ருட்டிப் பக்கம் போய், உடைத்து, தோல் உரித்து, ரகம் பிரித்து, அதிலும் பெண்களுக்குத்தான் வேலை. மல்லாட்டை பிடுங்கும் காலத்தில் கூலியைக் காயாகவே அளந்து கொடுப்பார்கள். நிலம் இல்லாத வீட்டிலும் அந்த ஒரு மாதம் ஒரு மூட்டை காய் இருக்கும், அது அடுத்த சில மாதங்களுக்கு எண்ணெயாகவும் கைமாற்றாகவும் உதவும். பட்டா ஒருவர் பெயரில் இருந்தாலும் அந்தக் கொல்லையை நம்பி ஏழெட்டு வீடுகள் இருந்தன. பிறகு நிலம் எடுத்தபோது பட்டாவில் பெயர் இருந்தவர் கணக்கில் வந்தார், மற்ற வீடுகள் வரவில்லை. நிலம் பெரும்பாலும் பிற சாதியாரிடமும் கூலி வேலை பெரும்பாலும் தலித் குடும்பங்களிடமும் இருந்த வட்டாரம் இது. ஆகவே கணக்கில் வராதவர்கள் யார் என்பதை உங்களால் ஊகிக்க முடியும். ஆய்வு எழுதுகிறவர் இதை விட்டுவிடக் கூடாது.

சரி, கரிக்கு வருவோம்.

நெய்வேலியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. லிக்னைட் என்பார்கள், ஊரில் வெறும் கரிதான். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்த சதுப்புக் காடு புதைந்து ஆனது. அப்படிப்பட்ட பழங்காலத்து மரங்கள் கல்லாகிக் கிடப்பதைத்தான் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருவக்கரையில் பார்க்கிறீர்கள். கரிப் படிவம் நெய்வேலியோடு நிற்கவில்லை, பாகூர்ப் பக்கமும் பூமிக்குள் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பிரெஞ்சுக்காரர்கள் பாகூரில் துளை போட்டுக் கரியைக் கண்டார்கள், ஆனால் தோண்டவில்லை.

நெய்வேலிக் கதை 1930களில் தொடங்குகிறது. ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தன் நிலத்தில் பாசனத்துக்காகக் குழாய் இறக்கியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதை அவர் அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொண்டுபோனார். பிற்பாடு திட்டத்துக்காக அவர் 600 ஏக்கருக்கும் மேல் நிலம் கொடுத்ததாக எங்கள் பக்கம் பெரியவர்கள் சொல்வார்கள். 1943 முதல் 1946 வரை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை துளையிட்டுப் பார்த்து, பெரிய படிவம் இருக்கிறது என்று உறுதி செய்தது. 1950களின் தொடக்கத்தில் எச்.கே. கோஷ் என்ற பொறியாளர் இங்கே தங்கி, சோதனைக் குழி தோண்டும் வேலையை நடத்தினார். 1956 நவம்பரில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவானது. 1957 மே 20ஆம் தேதி நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். காமராஜர் அப்போது முதலமைச்சர், இதை விடாமல் பிடித்து நடத்தியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

இவ்வளவு ஆர்வம் ஏன்? தென்னிந்தியாவில் தெலங்கானாப் பக்கத்துச் சிங்கரேணிச் சுரங்கத்தை விட்டால் கரி கிடையாது. வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலில் வர வேண்டும். மழை பொய்த்தால் நீர்மின்சாரம் படுத்துவிடும், சென்னை மாகாண ஆலைகள் கிடந்து தவிக்கும். அந்த நிலையில் இங்கேயே கரி கிடைத்தது உண்மையிலேயே பெரிய விடிவு. இடம்பெயர்ந்தவர்களின் துயரத்தைப் பேசும்போது இதை மறைத்துவிட்டுப் பேசுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. 1962இல் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. 1970க்குள் 600 மெகாவாட் ஆனது. எங்கள் ஊரிலேயே பம்பு செட்டுகள் ஓடியது அந்த மின்சாரத்தில்தான். இன்றும் நெய்வேலி மின்சாரத்தில் ஒரு பங்கு புதுச்சேரிக்கு வருகிறது.

இனி தண்ணீர். தம்பி, நெய்வேலியைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் கரியைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் படிக்க வேண்டும். ஜம்புலிங்க முதலியார் இறக்கிய குழாயில் தண்ணீர் தானாகப் பொங்கியது. காரணம், கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தத்தோடு அடைபட்ட நீர் இருக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கித் தள்ளும் அழுத்தம். மேலிருக்கிற மண்ணை எடுத்துவிட்டால் அந்த நீர் கரியைப் பிய்த்துக்கொண்டு மேலே வந்து குழியை மூழ்கடித்துவிடும். ஆரம்பத்தில் வல்லுநர்களைப் பயமுறுத்தியது இதுதான். அதற்கு ஒரே வழி, சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருப்பது. சுரங்கம் நடக்கிற வரை மோட்டார் நிற்கக் கூடாது.

இதன் விளைவு ஊருக்கு ஊர் வேறு. மேட்டுப் பக்கம் கிணற்று மட்டம் இறங்கியது. முன்பு குழாய் இறக்கினால் பொங்கிய இடங்களில் மோட்டார் தேவைப்பட்டது, அப்புறம் நீர்மூழ்கி மோட்டார், அப்புறம் இன்னும் ஆழம். சின்ன விவசாயிக்கு இது தாங்கவில்லை. என் கடை நோட்டில் மேட்டு ஊர்களில் மல்லாட்டை விதை குறைந்து சவுக்குக் கன்றும் தைல மரமும் கேட்கத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான், ஏனென்றால் அவற்றுக்குத் தண்ணீரும் ஆளும் அதிகம் வேண்டாம். ஆனால் கீழ்ப் பக்கத்தில் வேறு கதை. சுரங்கத்திலிருந்து இறைத்த நீர் பரவனாற்றில் விடப்பட்டது. மழைக்கு ஓடி நின்றுபோகும் ஓடை வருஷம் முழுக்க ஓடும் ஆறானது. வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் தண்ணீர் வந்தது, ஒரு போகம் செய்தவர்கள் இரண்டு போகம் செய்தார்கள். சுரங்க மண்ணும் கரித்தூளும் வந்து வாலாஜா ஏரி தூர்ந்துபோனதும், பல வருஷம் கழித்துத் தூர்வாரப்பட்டதும் அதே கதையின் அடுத்த பகுதி. 2023இல் பூவுலகின் நண்பர்கள், மந்தன் அத்யயன் கேந்திரா என்ற இரண்டு அமைப்புகள் சேர்ந்து, சுற்றுவட்டார நீரில் பாதரசம் போன்றவை அளவுக்கு மேல் இருப்பதாக ஓர் ஆய்வை வெளியிட்டன. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக அதை வழக்காக எடுத்தது. ஒரே சுரங்கம் ஒரு ஊருக்குக் கிணற்றை வற்றவைத்து இன்னொரு ஊருக்கு ஆற்றைக் கொடுத்தது என்பதால்தான், இந்த வட்டாரத்தில் சுரங்கத்தைப் பற்றி இரண்டு பேரைக் கேட்டால் இரண்டு பதில் வரும்.

ஊர்கள் எப்படிக் காலியாயின என்பது அடுத்தது. முதல் சுற்றில், 1950களின் கடைசியில், 1894ஆம் வருஷத்து நில எடுப்புச் சட்டப்படி எடுத்தார்கள். பணம் அன்றைய மானாவாரி மதிப்பில் வந்தது. மரத்துக்குத் தனிக் கணக்கு, வீட்டுக்குத் தனிக் கணக்கு. புறம்போக்கில் குடிசை போட்டிருந்தவருக்கு ஆவணமே இல்லை. நாட்டுக்காகக் கொடுக்கிறோம் என்ற எண்ணம் அந்தத் தலைமுறையில் உண்மையாகவே இருந்தது, நான் பேசிய பெரியவர்கள் அதைக் கசப்பில்லாமல் சொல்லியிருக்கிறார்கள். ஊரோடு எழுந்து போய் விருத்தாசலம் பக்கத்திலும் மற்ற இடங்களிலும் குடியேறினார்கள். பழைய ஊர்ப் பெயருக்கு முன்னால் ‘புது’ என்று சேர்த்து வைத்துக்கொண்டவர்கள் உண்டு.

வேலுடையான்பட்டு இதில் தனிச் சிறப்பு. ஊர் நிறுவனத்தின் குடியிருப்பான டவுன்ஷிப்புக்குள் அடங்கிவிட்டது, முருகன் கோயில் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. பங்குனி உத்திரத்துக்கு வந்து பாருங்கள், காவடியோடு வருகிறவர்களில் எத்தனையோ பேர் இப்போது வெவ்வேறு ஊர்களில் இருக்கிறவர்கள்.

முதல் சுற்றில் இடம் கொடுத்தவர்களில் பலருக்கு வேலை கிடைத்தது. படிப்பு இல்லாவிட்டாலும் மண் வெட்ட, தண்டவாளம் போட, காவல் காக்க ஆள் தேவைப்பட்ட காலம் அது. வேலை பர்மனென்ட் ஆனது. அந்த ஒரு சம்பளம் என்ன செய்தது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். மருத்துவமனை கிடைத்தது, பிராவிடெண்ட் ஃபண்ட் கிடைத்தது. கொல்லையில் குனிந்து நிமிர்ந்த குடும்பம் ஒரே தலைமுறையில் இன்ஜினீயரையும் ஆசிரியரையும் கொடுத்தது. டவுன்ஷிப்பில் 32 பிளாக், நிழல் மரம், அகலமான சாலை. வெளியே மந்தாரக்குப்பம், வடக்குத்து, இந்திரா நகர் என்று கடைத்தெரு வளர்ந்தது. சம்பள நாளில் மந்தாரக்குப்பத்துக் கடைகளில் நிற்க இடம் இருக்காது.

கரியை எரித்து மின்சாரம் எடுப்பதோடு அன்று நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1966இல் யூரியா ஆலை வந்தது. நெய்வேலி யூரியா மூட்டை என் கடையிலும் அடுக்கியிருக்கும். கரியை அழுத்திச் சுட்டு ‘லெகோ’ என்ற பெயரில் அடுப்புக்கரியாக விற்றார்கள். எங்கள் வீட்டிலும் டீக்கடைகளிலும் லெகோ அடுப்புதான், புகை வராது, கங்கு நெடுநேரம் நிற்கும். மேல்மண்ணோடு வந்த வெள்ளைக் களிமண்ணைக் கழுவி விற்றதால் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலுக்கு மூலப்பொருள் கிடைத்தது. கேஸ் அடுப்பு பரவியதும் லெகோ படுத்தது. யூரியா ஆலையும் நட்டத்தில் ஓடி, இரண்டுமே 2000களின் தொடக்கத்தில் மூடப்பட்டன. எனக்கு இதில் மெய்யான வருத்தம் உண்டு. மின்சாரம் கம்பியில் ஏறிப் போய்விடும். உரமும் கரியும் களிமண்ணும்தான் உள்ளூரில் லாரிக்காரருக்கும் சுமைக்காரருக்கும் சின்ன வியாபாரிக்கும் கை மாறிக் கை மாறி வேலை கொடுத்தவை. அவை போனதும் சுரங்கத்துக்கும் ஊருக்கும் நடுவில் சம்பளத்தை விட்டால் வேறு பிடிப்பு இல்லாமல் போனது.

அந்தச் சம்பளமும் பிறகு வந்தவர்களுக்கு எட்டவில்லை. இரண்டாம் சுரங்கம் 1980களில் வளர்ந்தது, 2000க்குப் பிறகு ஒன்று-ஏ என்ற சுரங்கம் வந்தது. இன்று மூன்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2.8 கோடி டன் எடுக்கும் திறன் இருக்கிறது. ஆனால் சக்கரத்தில் வாளிகள் பொருத்திய ராட்சத எந்திரம் மண்ணை வெட்டுகிறது, கன்வேயர் கொண்டுபோகிறது, இன்னொரு எந்திரம் கரி எடுத்து முடித்த பக்கத்தில் கொட்டுகிறது. மனிதக் கை குறைவாகவே வேண்டும். வேண்டிய கைகளும் கான்ட்ராக்டில் வந்தன. ஒரே ஷிப்டில் ஒரே வேலை செய்யும் இரண்டு பேரில் ஒருவருக்குப் பல மடங்கு சம்பளம் என்ற நிலை. 2010இல் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தது இதை எதிர்த்துத்தான். வீடு, நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைகளில் பலர் அந்தக் கான்ட்ராக்ட் வரிசையில் நின்றார்கள், இன்னும் நிற்கிறார்கள்.

நோட்டுக் கணக்கிலிருந்து ஒன்று சொல்கிறேன், பெயர் வேண்டாம். அண்ணன் தம்பி இருவர், ஆளுக்கு இரண்டு காணி. அண்ணனின் கொல்லை 1960களில் போனது, அவருக்கு வேலை கிடைத்தது. அவர் பிள்ளைகள் இன்று சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். தம்பியின் கொல்லை இன்னொரு பக்கம் இருந்ததால் இருபது இருபத்தைந்து வருஷம் கழித்துப் போனது. தொகை அண்ணனுடையதைவிடப் பல மடங்கு அதிகம், வேலை மட்டும் இல்லை. இரண்டு பெண்களுக்குக் கல்யாணம், ஒரு வீடு, ஒரு வைத்தியச் செலவு, பத்து வருஷத்தில் பணம் முடிந்தது. அவருடைய மகன் சாம்பல் செங்கல் ஆலையில் வேலைக்குப் போனார். அதே இரண்டு காணியில் மல்லாட்டையும் ஓரத்தில் பத்து முந்திரியும் இருந்திருந்தால் அவர் பணக்காரர் ஆகியிருக்க மாட்டார். ஆனால் என் கடையில் கடன் வாங்கி ஆவணியில் திருப்பித் தரும் நிலையில் இருந்திருப்பார். தவறாமல் திருப்பித் தந்தவர் அவர்.

பணம் எந்தப் பக்கம் போகிறது என்பதும் உங்கள் பாடத்துக்கு வேண்டும். லிக்னைட்டுக்கு உரிமத்தொகை (ராயல்டி) அதன் மதிப்பில் 6 சதவீதம். கறுப்பு நிலக்கரிக்கு 14. இது மாநில அரசுக்குப் போகிறது. 2015இல் மாவட்டக் கனிம அறக்கட்டளை என்ற ஏற்பாடு வந்த பிறகு, பழைய சுரங்கக் குத்தகைகளுக்கு உரிமத்தொகையில் 30 சதவீதத்துக்குச் சமமான தொகையை நிறுவனம் தனியாகக் கட்ட வேண்டும், அது பாதிக்கப்பட்ட பகுதிக்குச் செலவாக வேண்டும். கணக்குப் போட்டால் கரி மதிப்பில் நூற்றுக்கு 1.8 ரூபாய். அதுவும் சுரங்கம் தொடங்கி அறுபது வருஷம் ஆகப்போகும் நேரத்தில் வந்தது. லாபப் பங்கின் பெரும்பகுதி டெல்லிக்கு. நிறுவனத்தின் பங்குகளை விற்க மத்திய அரசு 2006இல் முயன்றபோது தொழிலாளர் போராட்டத்தாலும் கருணாநிதியின் எதிர்ப்பாலும் அது நின்றது. 2013இல் மறுபடி வந்தபோது ஜெயலலிதா, தமிழக அரசு நிறுவனங்களே அந்தப் பங்கை வாங்கும்படி செய்தார். நெய்வேலி எங்களுடையது என்ற உணர்வு எல்லாக் கட்சியிலும் இருக்கிறது. ஆனால் கரிக்கு மேலே இருந்த ஊர்களுக்கு அந்த லாபத்தில் தொடர்ச்சியான பங்கு எதுவும் எழுதப்படவில்லை. ஒரு தடவைத் தொகையோடு உறவு முடிந்தது. என் பார்வையில் அடிப்படைப் பிழை அங்கேதான் இருக்கிறது.

2023 ஜூலையில் வளையமாதேவியில் நடந்ததை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் சுரங்கம் நகர்ந்து வருவதால் பரவனாற்றைத் திருப்பிவிடக் கால்வாய் வேண்டும், அதன் கடைசித் துண்டுக்காக நட்டு வளர்ந்த நெல் வயலில் பொக்லைன் இறங்கியது. நிலம் பல வருஷம் முன்பே எடுக்கப்பட்டுவிட்டது, பிறகு ஏன் பயிர் வைத்தார்கள் என்று பலர் கேட்டார்கள். எடுத்த நிலத்தை உடனே கையில் எடுக்காமல் வருஷக்கணக்கில் விட்டுவைப்பதும், விவசாயி அதில் தொடர்ந்து உழுவதும் இங்கே வழக்கம். பழைய விலைக்கும் புதிய விலைக்கும் இடைவெளி பெரிதானதால் மனக்குறையும் பெரிதானது. அந்தப் பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நெல்லின் விலையாகப் பார்த்தால் அது குறைந்த தொகை இல்லை. ஆனாலும் கதிர் வைக்கப்போகிற வயலில் எந்திரம் இறங்குவதைப் பார்த்த மனது வேறு. சாப்பாடு போடுகிற பயிரை மிதிக்கக் கூடாது என்று குழந்தையிலிருந்து சொல்லி வளர்க்கிற வீடுகள் எங்களுடையவை.

அதற்குச் சில மாதம் முன்பு, ஏப்ரலில், சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதியை மத்திய அரசு கரி ஏலப் பட்டியலில் சேர்த்ததும், எதிர்ப்பு வந்ததும் நீக்கியதும் நடந்தது. அது நெல் விளையும் டெல்டாவின் ஓரம். மேட்டுக் கொல்லைகள் போனபோது இவ்வளவு குரல் எழவில்லை. நெல்லுக்கு இருக்கிற மரியாதை மல்லாட்டைக்கும் முந்திரிக்கும் இல்லை என்று நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

கரி எடுத்த இடம் என்ன ஆகிறது என்ற கேள்வி பாக்கி. எந்திரம் முன்னே வெட்டிக்கொண்டே போக, பின்னே மண்ணைக் கொட்டி நிரப்பிக்கொண்டே வருகிறார்கள். மேல்மண், மணல், களிமண், கடலூர் மணற்கல் எல்லாம் தலைகீழாகக் கலந்துவிடுகிறது. ஒரு முழம் செம்மண் ஆவதற்கு எத்தனை காலம் ஆனதோ, அது ஒரே நாளில் நூறடிக்குக் கீழே போய்விடலாம். இலைதழை, தொழுவுரம், அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரம் எல்லாம் போட்டு வருஷக்கணக்கில் பாடுபட்டால் அதிலும் விளையும். நெல்லும் பழ மரங்களும் வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள், நானே போய்ப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. ஆனால் அது நிறுவனத்தின் தோட்டம். பழைய கொல்லைக்காரருக்குக் குத்தகையாகவாவது அதைக் கொடுக்கலாம் என்று வெகுகாலமாக நான் சொல்லிவருகிறேன். உரமும் எருவும் போட்டு மண்ணைத் திருத்தத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். நிறுவனத்தின் நிலத்தில் 130 மெகாவாட் சோலார் நிலையம் இருக்கிறது. சோலாரில் தகடு துடைக்கவும் புல் வெட்டவும் சில பேருக்கு வேலை, அவ்வளவுதான்.

முதல் அனல்மின் நிலையம் 2020 செப்டம்பர் 30ஆம் தேதி நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக 1000 மெகாவாட் புதிய நிலையம் ஓடுகிறது. ஆகவே நெய்வேலி இன்னும் ‘முன்னாள்’ சுரங்க ஊர் ஆகவில்லை. ஆனால் அதற்குள் பல முன்னாள் ஊர்கள் இருக்கின்றன. நாளைக்குக் கரியே வேண்டாம் என்ற நிலை வந்தால் மந்தாரக்குப்பத்துக் கடைக்காரருக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் என்ன ஏற்பாடு என்று இப்போதே பேச வேண்டும். அவர்களிடமும் பட்டா கிடையாது. முதல் சுற்றில் கூலிக்காரர்கள் விடுபட்ட மாதிரியே இவர்களும் விடுபடுவார்கள் என்ற பயம் எனக்கு இருக்கிறது.

ஆய்வுக்கு இறங்கும்போது புதுச்சேரியிலிருந்து கடலூர் வந்து, குறிஞ்சிப்பாடி, வடலூர் வழியாக பஸ்ஸில் வாருங்கள், மண் நிறம் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய அடங்கல் கேளுங்கள், எந்தக் கொல்லையில் என்ன பயிர் இருந்தது என்று தெரியும். பட்டாதாரர்களைப் பார்த்து முடித்த பிறகு அந்தக் கொல்லையில் காய் பிடுங்கியவர்கள் வீட்டையும் தேடிப் போங்கள், அதிகமும் பாட்டிமார்கள்தான் இருப்பார்கள், சாயங்காலம் போனால் பேசுவார்கள். என் கடை நோட்டுகளில் பதினோரு நோட்டு இன்னும் பரணில் இருக்கிறது. செல் அரிக்காத பக்கங்களை எடுத்து வைக்கிறேன்.